முன்கூட்டி வைத்த மொய்

1956, மாசி மாதம், ஞாயிறு இரவு

புதன்கிழமை நாகப்பட்டினத்துக்கு ரயில். அங்கிருந்து பினாங்குக்குக் கப்பல். கடை பாக்கி, கைமாற்று எல்லாம் அடைத்தாயிற்று. மிச்சம் ஒரு மொய்தான். தங்கை கல்யாணத்துக்கு அப்பாவின் சிநேகிதர், வேடசந்தூர் மாமா, இருபத்தைந்து ரூபாய் எழுதியிருந்தார். அவர் மகள் செல்லத்தின் கல்யாணத்தில் நான் திருப்பிச் செய்ய வேண்டும். அப்போது நான் எங்கே இருப்பேனோ என்று, இன்றைக்கே அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், வெற்றிலை பாக்கோடு முப்பது ரூபாயைத் தட்டில் வைத்து நீட்டினேன். புத்தி கெட்டவன்.

மாமா தட்டைத் தொடவில்லை. அத்தையின் முகம் கறுத்துவிட்டது.

"பொண்ணுக்கு இன்னும் ஒரு எடமும் தகையல. அதுக்குள்ள மொய்யா? இப்படி யாராச்சும் குடுப்பாகளா?"

"கோவிச்சுக்கிடாதீக அத்தை. அப்ப நான் ஊர்ல இருக்க மாட்டேன்ல."

"ரெண்டு வருசத்துல வந்துருவேன்னுதான அம்மாகிட்டச் சொல்லியிருக்க?" மாமா மெதுவாகத்தான் கேட்டார். "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லப்பு. நீ வந்த பெறகே கல்யாணத்த வச்சுக்கிடுவோம். அப்பச் செய்யி."

சரி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வீட்டுக்கு வந்ததும் அவள் அந்த முப்பது ரூபாயைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"செல்லம் கல்யாணத்துக்கு நானே செஞ்சுர்றேன்."

எப்போது வருவாய் என்று தினமும் படுக்கும் முன் கேட்பாள். இன்று கேட்காமலே விளக்கைத் தணித்துவிட்டுப் படுத்துவிட்டாள்.