மோதிர விரலும் காதுமூடியும்

செப்டம்பர் 2, 1991. திங்கள்

கீழ் வீட்டு பார்வதம் இன்றைக்கும் மாடியேறி வந்துவிட்டாள். "அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்டு. சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் தூங்குவாரு. உங்க பெட்டி உயிரை வாங்குது."

பெட்டியாம்! துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த கீபோர்டு அது. பல்லைக் கடித்துக்கொண்டு "சரிம்மா" என்றேன்.

வாசிக்காமல் எப்படி? ஆயுத பூசைக்கு, இஞ்சின் பழுது பார்க்கிற எங்கள் ஷெட்டில் கச்சேரி. பாட்டுக்கு நடுவில் பதினாறு எண்ணிக்கை நான் மட்டும் தனியாக வாசிக்கணும். போன வருஷம் அதில் சொதப்பினேன். குழுவை நடத்தும் இராமகிருஷ்ணன் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். "வேம்புலி, இந்த வாட்டியும் தப்பு உட்டேன்னு வெச்சுக்க, கீபோர்டு ஸ்டூலு தேவராஜுக்கு." தேவராஜ்! மீசையே ஒழுங்காக முளைக்காத பையன்.

செப்டம்பர் 7

அரை நாள் வேலை. நேரே ரிச்சி தெரு. ஸ்டுடியோவில் போடுகிற மாதிரி ஹெட்போன் கேட்டேன். கடைக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே காட்டினார், தொட விடவில்லை. விலையைக் கேட்டதும் காது தானாகவே அடைத்துக்கொண்டது. முப்பது ரூபாய்க்கு, வாக்மேனுக்கு மாட்டுகிற காது செட்டு ஒன்று வாங்கி வந்தேன்.

செப்டம்பர் 8

ஒரு காது அவுட். ஒரே நாள்! த்தூ.

செப்டம்பர் 15. ஞாயிறு

மூளைன்னா இது மூளை! இஞ்சின் ஓட்டிப் பார்க்கிற ஷெட்டில் எங்களுக்குக் காதுமூடி உண்டு. இரண்டு பக்கமும் தேங்காய் மூடி மாதிரி, மேலே ஒரு வளையம். கழித்துப்போட்ட பழசு ஒன்று வீட்டில் கிடந்தது. பழைய டிரான்சிஸ்டர் இரண்டைப் பிரித்து, ஸ்பீக்கரை அதற்குள் வைத்து, வாக்மேன் செட்டு ஒயரைப் பற்றவைத்தேன். கன்னியம்மாள் ஜாக்கெட் துணியில் மெத்தை தைத்துக் கொடுத்தாள். என்ன இருந்தாலும் பெண்சாதி.

மாட்டினேன். அடேயப்பா! உலகமே ஆஃப். கீபோர்டு மட்டும் மண்டைக்குள் கேட்கிறது. அவள் வாயசைத்து என்னவோ சொன்னாள். கழற்றிவிட்டுக் கேட்டால், "மாட்டுக்குத் தலகாணி கட்டுன மாரி கீற."

செப்டம்பர் 20

தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம். கீழேயிருந்து ஒரு முணுமுணுப்பு இல்லை.

குற்றவாளியையும் பிடித்துவிட்டேன். வலது கை மோதிர விரல். எட்டாவது எண்ணிக்கையில் படுத்துக்கொள்கிறது. ஷெட்டில் கழலாத நட்டைத் திட்டித் திட்டித்தான் கழற்றுவோம். அதே வைத்தியம். "சோம்பேறி! இன்னிக்கு ஒழுங்கா வரல, வெட்டிப் போட்டுடுவேன்!" மெதுவாகத்தான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

செப்டம்பர் 22

பார்வதம் மீன் குழம்பு கொடுத்துவிட்டுப் போனாள். நமக்கா? கன்னியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்நேரம்னாலும் கதவைத் தட்டு" என்றாளாம். எதுக்குடி என்றால், "எனக்கு இன்னா தெரியும்" என்று மீனின் நடுத்துண்டைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

செப்டம்பர் 26

எதிர்வீட்டு சொர்ணம் கேசரி கொண்டுவந்தாள். நான் கை நீட்டினேன். டப்பாவை மூடிவிட்டாள்! "இது கன்னிக்கு." நான் என்ன தெரு நாயா?

செப்டம்பர் 28

இன்று வடகறி வந்தது, அதுவும் அவளுக்குத்தான். நல்ல ஜனங்கள்தான். என்னைத்தான் பிடிக்கவில்லை.

அக்டோபர் 3

பார்வதத்தின் புருஷன் செங்கல்வராயன் மாடிப்படியில் நிறுத்தினார். "தம்பி, நானும் கோவக்காரன்தான். ஆனா கத்தி கித்தியெல்லாம் ஊட்ல வெச்சுக்காதே."

எந்தக் கத்தி? எங்கள் அருவாமனையைத்தான் பார்வதம் இரவல் வாங்கிப் போய் நாலு நாள் ஆகிறதே. காய்கறிக் கத்தியை சொர்ணம் வாங்கிப் போனாள். கத்தரிக்கோலும் காணோம். இன்றைக்கு வெண்டைக்காயைக் கையால் உடைத்துத்தான் பொரியல்.

குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நான் இன்னாபா பண்ணேன்? சத்தம் கூடாதுன்னாங்க, சத்தமில்லாம வாசிச்சுகினு கீறேன். பதினேழு வருஷம் ஒரே பிளாக்கு. ஒருத்தர் மூஞ்சி பாக்க மாட்டேங்கறாங்க. மனசு ரொம்பக் கஷ்டமா கீது.

அக்டோபர் 11

ஒத்திகை. காதுமூடி இல்லாமல் மறுபடியும் எட்டாவது எண்ணிக்கையில் தப்பு. வீட்டில் அது இருந்தால் பதினாறும் சுத்தம். மேடையிலும் மாட்டிக்கொள்ளப் போகிறேன். தேவராஜ் சிரித்தான். சிரிக்கட்டும்.

அக்டோபர் 17

எப்படி எழுதுவேன். எழுதித்தான் ஆகணும்.

நேற்று மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். என் காதுமூடிக்கும் இரண்டு பக்கமும் பொட்டு. பிளாக்கே குடும்பம் குடும்பமாக முன்னால் உட்கார்ந்திருந்தது. மைக் செட்டு ஆனந்தன் கீபோர்டு ஒயரைப் பிரித்து ஒன்றை ஸ்பீக்கருக்கும் ஒன்றை என் காதுக்கும் கொடுத்தான். பாடுகிறவர் மைக்கு என் தாடைக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்கென்ன, நான் பாடப்போவதில்லையே.

என் துண்டு வந்தது. ஆறு, ஏழு, எட்டு. வந்தான் பாரு மோதிர விரல்! பதினாறும் முத்து முத்தாக விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. நிமிர்ந்தால் மொத்த ஜனமும் விழுந்து விழுந்து சிரிக்கிறது. தப்பாப் போச்சா? கழற்றினேன்.

இராமகிருஷ்ணன் மேடையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் மைக்கில் சொன்னதாக அவன் சொன்னது: "டேய் மோதிர வெரலே, சோம்பேறி! இன்னிக்கு ஒழுங்கா வரல, வெட்டிப் போட்டுடுவேன்! ஹாங்... அப்படி வா வழிக்கு!"

காது அடைத்திருந்தால் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக் கத்துகிறேனாம். ஷெட்டில் எல்லாருமே கத்துவதால் ஒருத்தனும் சொன்னதில்லை.

முன்வரிசையில் பார்வதம் எழுந்து நின்றாள். "அட பாவி மனுஷா! வெரலையா திட்டுனீங்க? கன்னியைன்னு நெனச்சு ஒரு மாசமா எனக்குச் சோறு எறங்கல!"

ஒரு மாசமா! என் வீட்டுக்காரி தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், தோள் குலுங்குகிறது. அழுகிறாள் என்று ஓடினேன். சிரிப்பு.

"ஏன்டி சொல்லல?"

"நான் ஒரு பொய்யும் சொல்லல. அவங்க கேக்கும்போது பெருமூச்சுதான் வுட்டேன். மீன் கொழம்பு நீயுந்தானே துன்ன?"

இராமகிருஷ்ணன் தீர்ப்பு: "ஸ்டூலு உனக்குத்தான் மாமே. மைக்கை மட்டும் ஊரு தாண்டி அண்ணனூர்ல வெக்கறோம்."

அக்டோபர் 20. ஞாயிறு

அருவாமனை, கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் திரும்பி வந்தன. குழம்பு நின்றுவிட்டது. கன்னியம்மாள் அந்த வருத்தத்தில் இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பார்வதம் வந்தாள். "ஒரு மாசம் திட்டை மட்டும் கேட்டோம். இனிமே அதைக் கழட்டிட்டு, ஏழு மணிக்கு மேல பாட்டையும் சேர்த்தே வாசிங்கண்ணே."

வாசித்தேன். ஜன்னலைத் திறந்து வைத்து, ஸ்பீக்கரிலேயே. மூன்றாவது வரியில் ஒரு தப்பு. கீழேயிருந்து குரல்:

"எந்த வெரலுண்ணே?"

"சுண்டு வெரலும்மா!"

"அருவாமனை குடுத்து அனுப்பட்டா?"