கிடங்கின் பின்சுவர்

தேவாலா
2.6.2025

அன்பு மகள் நாஜ்னீனுக்கு அத்தாவின் ஸலாம். நானும் அம்மாவும் நலம். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நம் மளிகைக் கடைக் கிடங்கின் பின்சுவரை இடிக்கச் சொல்லி, எடின்பரோவில் இருந்துகொண்டு கலெக்டருக்கு மனு அனுப்பியிருக்கிறாய். காலநிலைச் சட்டம் படிக்க அனுப்பினால் பெற்றவன் மேலேயே மனுவா? வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதைதான். மழை அல்லாஹ் கொடுப்பது. கீழ்வரிசை வீடுகளில் வெள்ளம் புகுந்தால் கஞ்சியும் கம்பளியும் கொடுப்பது நான். வியாபாரிகள் சங்கத்தில் தலைகாட்ட முடியவில்லை. மனுவைத் திரும்பப் பெறு.

அப்துல் கையூம்

எடின்பரோ
19.6.2025

அன்புள்ள அத்தாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். நலமாக இருக்கிறேன். இங்கே சாப்பாடுதான் வாயில் வைக்க விளங்கவில்லை.

மழை அல்லாஹ் கொடுப்பதுதான். ஓடையை மறித்துச் சுவர் எழுப்பியது நாம். இப்போதெல்லாம் ஒரு வாரத்து மழை ஒரே பகலில் கொட்டுகிறது. ஆலைப் புகை விட்டவன் ஒருவன், மழையில் நனைகிறவன் வேறொருவன் என்று தினமும் வகுப்பில் படிக்கிறேன். அதைப் பரீட்சையில் எழுதிவிட்டு, நம் கடையில் அரிசி புடைக்கும் தேவி அக்கா வீட்டுக்குள் தண்ணீரைத் திருப்பிவிடும் நம் சுவரை மட்டும் விட்டுவிடவா? வருடா வருடம் நனைத்துவிட்டுக் கம்பளி கொடுப்பது என்ன தர்மம், அத்தா?

மனுவைத் திரும்பப் பெற மாட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள். மாத்திரையை மட்டும் வேளைக்குப் போடுங்கள்.

உங்கள் மகள்
நாஜ்னீன்

தேவாலா
22.7.2025

அன்பு மகளுக்கு ஸலாம்.

நேற்று விசாரணை. நம் பக்கம் பேச வந்த சங்கத்து வக்கீல் எழுந்து, மனு போட்ட பெண் சீமையில் இருப்பவள், அவளுக்கு இந்த ஊரைப் பற்றி என்ன தெரியும், தள்ளுபடி செய்யுங்கள் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க, அந்தக் கிடங்கு மாடியில பொறந்த புள்ளைங்க அது. ஓடைத்தண்ணி எங்க செவுத்துல முட்டிக் கீழ ஊடுகளுக்குள்ள போறப்பெல்லாம், எங்கூடக் கஞ்சி தூக்கிட்டு எறங்குனது அதுதானுங்க. அதுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?” என்றேன்.

அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். வக்கீல் என் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான், நான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. வாய் தவறிச் சொன்னதாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறது சங்கம். கொடுக்க மாட்டேன் என்றுவிட்டேன். நடந்ததைத்தானே சொன்னேன்.

அதற்காகச் சுவரை நானே இடிப்பேன் என்று நினைக்காதே. அடுத்த மாதம் மறுபடியும் விசாரணை. நேரில் வா, நம் வீட்டிலேயே தங்கு. உன்னை எதிர்த்துப் பேச நான் இருக்கிறேன். வேறு எவனும் பேசக் கூடாது.

உன் அத்தா
அப்துல் கையூம்