நுவார் என்று கூப்பிட்டாயே, அண்ணா

அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்ட ஒரே ஆளான அண்ணாவுக்கு,

காய்ச்சலில் நீ போன பிறகு, தாராவியிலேயே ஒரு தோல் பைப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். நூல் பிசிறை வெட்டி, பைக்குள் பெயர்ச் சீட்டு ஒட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் இருந்த மாதிரிதான், யாரோடும் பேசுவதில்லை.

போன வாரம் புதுச் சீட்டு வந்தது. ஆங்கிலத்தில் நான்கே எழுத்து: NOIR. கூட வேலை செய்யும் செல்வியக்கா எழுத்துக்கூட்டிப் பார்த்து, "நாயர்! ஏட்டி, எந்த நாயருக்குப் போற பை இது? டீக்கடைக்காரருக்கா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

முதலாளி பாயும் சிரித்துவிட்டார். "நாயரும் இல்ல, மேனனும் இல்ல. நுவார். பிரெஞ்சுல கருப்புன்னு அர்த்தம். இருட்டா எடுப்பாங்கள்ல பழைய கொலைப் படம், அதுக்கும் இதான் பேரு. கருப்புப் பையில மட்டும் ஒட்டுங்க."

என் கை நின்றுவிட்டது.

தெருவில் எல்லாருக்கும் நான் கருப்பி. இந்திக்காரர்களுக்கு, அவர்கள் பாஷையில் அதே அர்த்தத்தில், காலி. நீ மட்டும் நுவார் என்றாய். கேட்டால், "அது பெரிய பேருட்டி" என்பாய். ஏதோ ராணியின் பெயர் என்று நம்பியிருந்தேன். அப்படியானால் நீயும் கருப்பி என்றுதான் கூப்பிட்டாயா? எனக்குப் புரியாத பாஷையில் என்னைக் கேலி செய்தாயா? இனி யாரிடம் கேட்பேன்?

மறுநாள் மாட்டுங்காவில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அதே நான்கு எழுத்தைப் பார்த்தேன். சென்ட் பாட்டிலில், நகப்பாலிஷில், சாக்லேட் டப்பாவில்கூட. பக்கத்துத் தட்டில் முகத்தை வெள்ளையாக்கும் கிரீம். கருப்பை இவர்கள் விரும்புகிறார்களா, வெறுக்கிறார்களா?

திரும்பி நடக்கும்போதுதான் உன் போனில் நாம் பார்த்த பழைய கொலைப் படம் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணின் பாதி முகம் இருட்டில் இருந்தது. "வெளிச்சமே பத்தல, அண்ணே" என்றேன். நீ சொன்னாய்: "ஏட்டி, அந்த இருட்டு இல்லாட்டா அவ மூஞ்சிய எவன் பாப்பான்?"

அதுதான் பதிலா? அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

இன்று செல்வியக்கா, "ஏ கருப்பி, கத்திரிய எடு" என்றாள். நுவார் என்று கூப்பிடுங்கள் எனச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வெட்கத்தால் இல்லை, அண்ணா. அது உன் குரலில் மட்டும் இருக்கட்டும்.

கருப்பி என்றால் இனி தலை குனிய மாட்டேன். நுவார் என்ற பெயரை வேறு யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன். சத்தியம்.

உன் ஒரே தங்கச்சி,
நுவார்