அழுகாத பச்சை

2061 ஜனவரி 9, காலை 7.10
நிலக்கரி வெட்டி முடித்து மூடிய சுரங்க மேடு, கண்காணிப்பு நிலையம் 3. எழுதுபவர்: தையல்நாயகி, தாவரவியலாளர். இங்கே நான் ஒருத்திதான். ஆய்வகத்தில் உருவாக்கிய மூடுகொடியை நட்டு எட்டு மாதம். மேட்டில் தொண்ணூற்றாறு சதவீதம் பச்சை. நோய் இல்லை. பூச்சி இல்லை. ஈரம் சரி.

ஜனவரி 23, காலை 8.00
ஆறு மாதம் முன்பு மண்ணில் புதைத்த சருகுப் பைகளை எடுத்தேன். வேப்பிலை, புங்கிலை. ஒன்றுகூட மக்கவில்லை. புதைத்த அன்று இருந்தபடியே நரம்பு நரம்பாகக் கிடக்கின்றன. மூன்று முறை எடை போட்டேன். குறையவில்லை.

ஜனவரி 30, காலை 6.40
நேற்று அரைத்த இட்லி மாவு பொங்கவில்லை. உறை ஊற்றிய பால் நான்கு நாளாகப் பாலாகவே இருக்கிறது. கொடியின் மகரந்தம் எல்லாவற்றிலும் படிகிறது. நுண்ணோக்கியில் பார்த்தேன். அது விழுந்த சொட்டில் ஒரு கிருமிகூட அசையவில்லை.

பிப்ரவரி 4, மதியம் 12.15
மேட்டடியில் ஆடு மேய்க்கும் செந்தாமரை போன் செய்தார். "ஆடு ஒண்ணு செத்து எட்டு நாளாச்சும்மா. ஈ மொய்க்கல, நாத்தம் இல்ல. கண்ணு தெறந்தாப்புல கெடக்கு. கிட்ட போவவே அருவருப்பா இருக்கு."
போய்த் தொட்டுப் பார்த்தேன். வயிறு குளிர்ந்த ரப்பர் மாதிரி. நாறியிருந்தால் மூக்கைப் பொத்தியிருப்பேன். இதற்கு எதைப் பொத்துவது? அங்கேயே வாந்தி எடுத்தேன்.

பிப்ரவரி 5, காலை 10.30
திட்டத் தலைவர் துரைசிங்குக்கு அறிக்கை அனுப்பினேன். அவர் பதில்: "செயற்கைக்கோள் படம் பாத்தீங்களா? பச்சைப் பட்டு விரிச்ச மாதிரி இருக்கு. இதுல ஆட்டுப் பொணத்தைப் பத்தி எழுதி என்னம்மா பண்ணப் போறீங்க? அந்தப் பக்கத்தை எடுத்துட்டு அனுப்புங்க."
எடுத்துவிட்டு அனுப்பினேன். அடியில் இருக்கும் என் கையெழுத்தைப் பார்க்கவே கூசுகிறது.

பிப்ரவரி 19, மாலை 4.05
பன்னிரண்டு நாளாகத் தின்றது தின்றபடியே வெளியே வருகிறது. என் குடலிலும் மகரந்தம் வேலையை முடித்துவிட்டது. சீ.
டெல்டா வயல் வரப்புகளில் விதைக்க இங்கிருந்து கொடியின் விதை போகிறதாம். இன்றுதான் துரைசிங் உத்தரவை அனுப்பினார். என் அறிக்கைதான் சான்றாம். மேட்டடியில் இருக்கும் விதைக் கிடங்குக்குத் தீ வைத்தேன். எல்லாம் எரிந்த பிறகுதான் பதிவேட்டைப் புரட்டினேன். விதை மூட்டைகளோடு ஒரு லாரி காலையிலேயே போயிருக்கிறது.

4.50
லாரி ஓட்டுநரைப் போனில் பிடித்துவிட்டேன். வண்டியைத் திருப்புங்கள் என்று கத்தினேன்.
"திருப்பிடலாம் மேடம். ஆனா ஒரு மூட்டை அடியில கிழிஞ்சிருக்கு, நான் பாக்கல. முப்பது கிலோமீட்டரா வாய்க்காக் கரையோரமாவே வந்துட்டேன். வெதையெல்லாம் தண்ணி மேல பஞ்சு பஞ்சா மெதந்து கெழக்கால போவுது. பாக்க அழகாத்தான் இருக்கு."