புயல் கூடத்துப் பூட்டு

தீனா மாமா,

சோறு வடித்திருக்கிறேன், நெத்திலிக் குழம்பு மூடியிருக்கிறது. சாப்பிடும் முன் இதைப் படியுங்கள்.

"ஏ வேண்டா, புயல் கூடத்துப் பூட்டு துரு புடிச்சிகினு கீது, ஒரு மாசமா யாரும் தொறக்கல" என்று நேற்று சொன்னீர்கள். அப்படியானால் ஊர் உங்களை நம்பிக் கொடுத்த சாவி மட்டும் ஏன் பளபளக்கிறது? வேட்டியில் ஏன் சிமெண்ட் தூசி? பக்கத்து வீட்டு ராஜாராம் வேறு சிரிக்கிறார்: "இன்னாம்மா, உங்க வூட்டுக்காரரு டெய்லி கூடத்தாண்ட போறாரு, குடித்தனம் போயிட்டாரா?"

காலையில் கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். சுனாமி வீடு கட்ட நம் கடைக்கு வந்த சிமெண்ட், கூரை வரை அடுக்கியிருக்கிறது. மழையில் நனையாத இடம் கோவளத்திலேயே அது ஒன்றுதானா? புயலை நாம் தடுக்க முடியாது மாமா. ஆனால் ஜனம் ஒதுங்கும் இடத்தை அடைத்தது நாம்தான்.

கரையோரத் தெருவை மாலைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எச்சரிக்கைக் குழுவின் பட்டியலோடு வீடு வீடாகப் போகிறேன். மொத்தம் அறுபத்திரண்டு பேர். முதலில் அழைத்து வரப்போவது எட்டு மாதக் கர்ப்பிணியான உங்கள் தங்கை சுஜாதாவை. ஐந்து மணிக்கு அவளோடு கூடத்து வாசலில் நிற்பேன். உள்ளே மூட்டை இருந்தால், யாருடையது என்று கேட்பாள். நான் மறைக்க மாட்டேன்.

வேண்டா

இன்னும் ஒன்று. தனியாகத் தூக்காதீர்கள், இடுப்பு தாங்காது. குழு ஆட்களைக் கூப்பிடுங்கள். எதற்கென்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லி ஊருக்குத் தெரிவதைவிட, நீங்கள் சொல்லித் தெரியட்டும்.