தொண்டைக்குள் ஒரு பலூன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் சுகம்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் இப்போது நன்றாக இருக்கிறேன். அந்த ‘இப்போது’வைப் பார்த்துப் பதறாதே.

முன்பு கட்டட சைட்டில் சிக்னல் இல்லை என்று மெசேஜ் வந்ததே, அது என் அறை நண்பன் அனுப்பிய பொய். நான் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மூச்சுவிட முடியாமல் தொண்டை வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். என்னைக் காப்பாற்றிய அதே குழாய் உள்ளே உரசித் தழும்பாக்கி, மூச்சுக்குழாயைச் சுருக்கிவிட்டது. அறைக்குத் திரும்பிய பிறகு, படியேறினாலே நெஞ்சில் விசில் சத்தம். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மயக்கம் கொடுத்து, உள்ளே குட்டி பலூனை ஊதி விரித்துவிட்டார்கள். இந்த வயதில் எனக்குப் பலூன்! மூச்சு இப்போது தாராளமாக வருகிறது. குரல்தான் தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்கியதுபோல் இருக்கிறது. மெல்லச் சரியாகுமாம்.

வேலைக்குக் கெடுதல் இல்லை. கிரேன்காரருக்குக் கையால் சைகை காட்டத் தொண்டை எதற்கு?

குரல் தேற, தினமும் கொஞ்சம் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள் டாக்டர்கள். தங்கச்சியின் பழைய தமிழ்ப் புத்தகம் இருந்தால் அனுப்பு. நண்பனுக்கு நைட் ஷிஃப்ட். அறையில் கேட்க ஆளில்லை, சுவராவது தமிழ் கற்கட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு ஏதோ புது நம்பரிலிருந்து ஒரு குரல் கரகரவென்று ‘அம்மா’ என்றதும், “எவன்டா குடிச்சிட்டு உளர்றது, வை போனை” என்று திட்டினாயே, அது நான்தான். வரும் ஞாயிறும் கூப்பிடுவேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. போனை மட்டும் வைத்துவிடாதே.

உன் மகன்