நொண்டியது உங்கள் கால் அல்ல

முழங்கால் வலிக்காக நேற்று ஓசூர் ஆஸ்பத்திரியில் ஓடாத சைக்கிள் ஒன்றில் என்னை ஏற்றி உட்காரவைத்தார்கள். "ரெண்டு காலும் ஒரே மாதிரி மிதிங்கம்மா, ஒண்ணு இழுக்குது பாருங்க" என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. நீங்கள் இருந்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருப்பேன். இல்லாததால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. நமக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். கெலமங்கலம் சந்தையில் ஒரு பழைய சீமை சைக்கிள் வாங்கி வந்தீர்கள். பெடல் மாட்டும் கிராங்க் இரண்டும் நல்ல இரும்பு. நடுவில் இருந்த அச்சுதான் தேய்ந்திருந்தது. வேறு ஏதோ சைக்கிளின் அச்சைத் தேடிப் பிடித்தீர்கள். அது இந்தக் கிராங்குக்குச் சேரவில்லை. இரண்டையும் பூட்டும் ஆணிகளை அரத்தால் ராவினீர்கள், வலது ஆணியைக் கொஞ்சம், இடது ஆணியை நிறைய. நீங்கள் சுத்தியலால் அடித்து இறக்கியதில் சுவரிலிருந்த சூசையப்பர் படம் ஆடியது. கடையில் கொடுக்கலாமே என்றேன். "பிட்டர் வேலைக்குப் போகப்போறவன் சைக்கிள கடைக்காரன் தொடறதா?" என்றீர்கள்.

ஒரு பெடல் கீழே போனால் மற்றது நேர் மேலே நிற்க வேண்டும். நம்முடையது கோணிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு சுற்றுக்கும் உங்கள் இடுப்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நீங்கள் வருவதைப் பார்த்த கோயில் பெண்கள், பாவம் இந்த வயதிலேயே கால் இப்படி என்று உங்களுக்காகச் செபமாலை சொன்னார்கள். நானும் முழந்தாளிட்டுக் கூடவே சொன்னேன், சைக்கிளுக்காக என்று மனதுக்குள் மாற்றிக்கொண்டு.

வீட்டிலிருந்து இரண்டு மைல் தள்ளியிருந்த ஓசூர்ப் பட்டறையில் வேலை கேட்கவும் அதில்தான் போனீர்கள். மேஸ்திரி கேட்டில் நின்று பார்த்துவிட்டுக் காலில் என்ன என்று கேட்டாராம். சைக்கிளைச் சொன்னால் பிட்டர் மானம் போகும். அதனால் சின்ன வயதில் புளிய மரத்திலிருந்து விழுந்தேன் என்று சொல்லிவிட்டீர்கள். எட்டு மணி நேரம் நிற்கிற வேலை, இந்தக் காலுக்கு ஆகாது என்று அனுப்பிவிட்டார். எனக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். அந்த வேலை இல்லையென்றால் என் அண்ணன் வீட்டில் போய் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மறுநாள் காலை சைக்கிளை நானே தள்ளிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினேன். நீங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தீர்கள்.

"அண்ணா, இவருக்குக் காலு நல்லாத்தான் இருக்குது. சைக்கிள்தான் நொண்டி" என்றேன் மேஸ்திரியிடம்.

மேஸ்திரி உங்களைக் கேட் வரைக்கும் இரண்டு தடவை நடக்கவைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து பெடலைச் சுற்றினார்.

"இத யாரு மாட்டினது?"

கடைக்காரர் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லப் போகுமுன் செய்த பாவங்களைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு போகிற நான்!

"நான்தான் மேஸ்திரி" என்றீர்கள்.

அவர் சிரிக்கவில்லை. "ஆறு மாசத்துக்கு அரத்தத் தொடக் கூடாதப்பா. கூட்டு, எண்ணெ போடு, பாத்துக் கத்துக்க. நாளைக்கு வா. இதுல வராத, நடந்து வா."

முப்பத்திரண்டு வருஷம் அங்கேதான் இருந்தீர்கள்.

நீங்கள் அரை நொடி பிந்தியிருந்தால் அந்தப் பொய் என் பட்டியலில் ஏறியிருக்கும். ஏறவில்லை. ஆனாலும் வாயைத் திறந்தது திறந்ததுதானே? சொல்லாத பொய்யைச் சாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று இன்றுவரை பிடிபடவில்லை. அதை மட்டும் என்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறேன்.